90 வினாடி, 10 தோட்டா: நெடுந்தூர ரைஃபிள் போட்டியில் வேகமும் துல்லியமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பி.ஆர்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பிரிசிஷன் ரைஃபிள் சீரிஸ், 2012-இல் அமெரிக்காவில் தொடங்கிய போட்டித் தொடர். இன்று ஐரோப்பா, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா எனப் பல இடங்களில் இதே பாணியில் போட்டிகள் நடக்கின்றன. 2022-இல் பிரான்சில் உலகப் போட்டியே நடந்தது. நான் கிளப் அளவில் சில ஆண்டுகளாகச் சுட்டு வருகிறேன். புதிதாக வருகிறவர்கள் என்ன கேட்டாலும் அது சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வந்து நிற்கும்: வேகமாகச் சுடுவதா, நிதானமாகச் சுடுவதா? அந்தக் கேள்வி எந்தெந்த உருவத்தில் வருகிறதோ, அந்தந்த உருவத்துக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இந்தப் போட்டி எப்படி நடக்கும்?

பெரிய போட்டி என்றால் இரண்டு நாள், இருபது ஸ்டேஜுக்கு (சுற்றுக்கு) பக்கத்தில். ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் 90 முதல் 120 வினாடி, பெரும்பாலும் 10 தோட்டா. இலக்குகள் எஃகுத் தகடுகள்; 300 கெஜத்தில் ஒன்று, 600-இல் ஒன்று, 1000-ஐத் தாண்டி ஒன்று என்று மேட்டிலும் பள்ளத்திலும் தொங்கும். தரையில் வசதியாகப் படுத்துச் சுடுவது குறைவு. கூரைச் சரிவு, டிராக்டர் டயர், கான்கிரீட் குழாய், படிப்படியாக வெட்டிய மரத்தடுப்பு – இவற்றின் மேல் ஒரு சின்னப் பையை வைத்து, அதன்மேல் துப்பாக்கியை வைத்துச் சுட வேண்டும். டைமர் ஒலித்ததும் தொடக்கம். தோட்டா தகட்டில் பட்டால் பின்னால் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருப்பவர் "இம்பாக்ட்" என்று குரல் கொடுப்பார். குரல் வராவிட்டால் அது தவறிய தோட்டா.

சீக்கிரம் முடித்தால் கூடுதல் மதிப்பெண் உண்டா?

கிடையாது. பட்ட தோட்டாவுக்கு மதிப்பெண், அவ்வளவுதான். 60 வினாடியில் முடித்தாலும் 89-இல் முடித்தாலும் ஒன்றுதான். இரண்டு பேர் சமமாக நின்றால் பிரித்துப் பார்ப்பதற்காக, குறிப்பிட்ட ஒரு ஸ்டேஜில் மட்டும் முடித்த நேரத்தைக் குறித்து வைப்பார்கள்.

இது தெரிந்தும் பலர் டைமர் ஒலித்தவுடன் தீப்பிடித்த வீட்டிலிருந்து ஓடுகிற மாதிரி ஓடுகிறார்கள். மிச்சப்படுத்திய வினாடியை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அதை அந்த ஸ்டேஜுக்குள்ளேயே, ஏதாவது ஒரு தோட்டாவுக்காகச் செலவழித்துவிட வேண்டும்.

அப்படியானால் பத்துத் தோட்டாவையும் சுட்டே ஆக வேண்டுமா?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். அவசரமாகச் சுட்டால் பத்துக்கு ஆறு படும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிதானமாகச் சுட்டால் நூற்றுக்கு 85 படும். ஆனால் நேரம் போதாமல் சில தோட்டா மேகசினிலேயே தங்கிவிடும். நிதானமாக எட்டு சுட்டால் சராசரி 6.8. அவசரத்தின் ஆறைவிட லாபம். ஏழு சுட்டால் 5.95, கிட்டத்தட்டச் சமம். ஆறுதான் சுட முடிந்தது என்றால் 5.1, நஷ்டம்.

ஆக நிதானத்துக்கும் ஓர் எல்லை உண்டு. என் முதல் போட்டியில் ஒரு கூரைச் சரிவு ஸ்டேஜில் நான் ஆறு தோட்டாதான் சுட்டேன். ஐந்து பட்டது. தவறியது ஒன்றே ஒன்று என்று மனம் நிறைந்துதான் இறங்கினேன். எனக்கு அடுத்து வந்தவர் பத்தும் சுட்டு மூன்றைத் தவறவிட்டார், அவருக்கு ஏழு. சுடாத தோட்டாவும் தவறிய தோட்டாதான் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

நேரம் உண்மையில் எங்கேதான் போகிறது?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

90 வினாடி, ஐந்து இடம், இடத்துக்கு இரண்டு தோட்டா என்று ஒரு ஸ்டேஜ். முதல் இடத்துக்கு ஓடிப் பையை வைத்து, துப்பாக்கியை அமர்த்தி, ஸ்கோப்பில் (துப்பாக்கி மேல் உள்ள குறிநோக்கியில்) இலக்கைக் கண்டுபிடிக்க 12 வினாடி. அடுத்த நான்கு இடத்துக்கும் தலா 8. கூட்டினால் 44. மீதி 46 வினாடியைப் பத்துத் தோட்டாவுக்குப் பங்கு போட்டால் ஒன்றுக்கு 4.6 வினாடி. குறி சரிபார்த்து, மூச்சை விட்டு, விசையை அழுத்தி, போல்ட்டை (அடுத்த தோட்டாவை ஏற்றும் கைப்பிடியை) இழுத்துத் தள்ள இது போதும் போதாததுமாக இருக்கும்.

இப்போது ஒவ்வொரு இடத்திலும் இரண்டு வினாடி குறைத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து வினாடி மிச்சம். தோட்டாவுக்கு 5.6 வினாடி கிடைக்கிறது. சுடும் விதத்தில் எதையும் மாற்றவில்லை; ஆனாலும் ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு முழு வினாடி கூடிவிட்டது. அந்த ஒரு வினாடியில் குறுக்குக்கோடு அடங்கி நிற்கும்.

அதனால்தான் வேகத்தைத் தோட்டாக்களுக்கு இடைப்பட்ட வேலையில் தேடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பை எந்தக் கையில்? எந்தக் கால் முதலில்? இலக்கைத் தேடும்போது ஸ்கோப்பின் உருப்பெருக்கம் எவ்வளவு? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். 25 மடங்கில் வைத்துக்கொண்டு இலக்கைத் தேடுவது, வைக்கோல் குழாய் வழியாக வயலைப் பார்ப்பது போல. 12 அல்லது 14 மடங்கில் வைத்தால் இலக்கும் தெரியும், சுற்றியிருக்கிற புதரும் தெரியும், தோட்டா விழுந்த இடத்துப் புழுதியும் தெரியும். இன்னொன்று: டைமர் ஒலிப்பதற்கு முன்பே வெறும் கண்ணால் ஓர் அடையாளத்தைப் பிடித்து வையுங்கள். "ஒற்றை மரம், அதற்கு இடப்பக்கம் வெள்ளைப் பாறை, பாறைக்குக் கீழே தகடு" என்கிற மாதிரி. துப்பாக்கியை வைத்தபின் தேடக் கூடாது. தேடி வைத்த இடத்துக்குத் துப்பாக்கியைக் கொண்டுபோக வேண்டும்.

சரி, விசையை அழுத்தும் அந்த நேரத்தை எவ்வளவு குறைக்கலாம்?

அதைக் குறைக்காதீர்கள். அதற்கென்று ஒரு தாளம் உண்டு, அதன் போக்கிலேயே விடுங்கள்.

மரத்தடுப்பின் மூன்றாவது படியில் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். பை படியின் மேல் படிந்திருக்கிறது. துப்பாக்கியின் எடை முழுக்கப் பையில். இடக்கை ஸ்டாக்கின் (துப்பாக்கியின் பின்கட்டையின்) அடியில், வலக்கைக் கட்டைவிரல் பக்கவாட்டில் சும்மா கிடக்கிறது. ஸ்கோப்பில் குறுக்குக்கோடு தகட்டின் மேல் படுத்த எட்டு மாதிரி ஒரு கோலம் போட்டுக்கொண்டிருக்கும். அது நிற்கவே நிற்காது. நிற்க வேண்டும் என்று துப்பாக்கியோடு மல்லுக்கட்டினால் தசை இறுகும், எட்டு பெரிதாகும். அந்த எட்டு தகட்டுக்குள் அடங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். அடங்கினால் அதுவே போதும். மூச்சு தானாக வெளியேறி அடுத்த மூச்சு தொடங்குமுன் ஓர் இடைவெளி வருமே, அதில் விரல் நேர் பின்னோக்கி அழுத்தும். எட்டு தகட்டை விட்டு வெளியே வழிந்தால் சுடாதீர்கள். குற்றம் விரலில் இல்லை, உடம்பு அமர்ந்த விதத்தில் இருக்கிறது. இரண்டு வினாடி போனாலும் போகட்டும், முழங்காலையோ பையையோ நகர்த்திவிட்டு மறுபடி பாருங்கள்.

புதியவர்கள் செய்வது இதற்கு நேர் எதிர். குறுக்குக்கோடு தகட்டின் நடுவைக் கடக்கும் கணத்தைப் பிடிக்கப் பார்த்து விசையைச் சுண்டுகிறார்கள். சுண்டியதில் துப்பாக்கியே நகர்ந்துவிடும்.

மெதுவாகச் செய்து பழகினால் வேகம் தானாக வரும் என்கிறார்களே?

பாதி உண்மை. மெதுவாகப் பழகினால் வீண் அசைவுகள் உதிரும், அதனால் வேகமும் கொஞ்சம் கூடும். ஆனால் ஓர் இடத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் டைமரை வைத்துக்கொண்டு, பிழை வரும் வேகம் வரை போய், எது உடைகிறது என்று பார்த்து, அதைச் சரிசெய்துகொண்டு திரும்ப வேண்டும். இதைப் பயிற்சியில் செய்யுங்கள். போட்டி நாளில் கையில் இருக்கிற வேகத்தோடு சுடுங்கள்.

ஒவ்வொரு தூரத்துக்கும் டரெட்டைத் திருப்புவதா, ரெட்டிகிளில் கணித்து மேலே பிடிப்பதா?

டரெட் என்பது குறியின் உயரத்தை மாற்ற ஸ்கோப்பின் மேல் உள்ள குமிழ்; ரெட்டிகிள் என்பது ஸ்கோப்புக்குள் தெரியும் அளவுக் கோடுகள். பதிலுக்கு முதலில் மில் என்ற அளவு தெரிய வேண்டும். ஒரு மில் என்பது 1000 மீட்டரில் ஒரு மீட்டர். 1000 கெஜத்தில் ஒரு கெஜம். ஸ்கோப்பின் டரெட் ஒரு கிளிக்குக்குப் பத்தில் ஒரு மில் நகரும். 6.5 கிரீட்மோர் போன்ற தோட்டா 100 கெஜத்துக்குச் சரி செய்யப்பட்ட ரைஃபிளிலிருந்து 1000 கெஜம் போகும்போது எட்டு, ஒன்பது மில் அளவுக்குத் தாழ்ந்துவிடும். 600 கெஜத்தில் சுமார் நான்கு.

டரெட்டைத் திருப்பினால் குறியை நடுப்புள்ளியிலேயே வைக்கலாம், துல்லியம் அதிகம். ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூன்று நான்கு வினாடி போகும், கண் ஸ்கோப்பை விட்டு வெளியே வரும். ரெட்டிகிளில் உள்ள கோடுகளைக் கொண்டு பிடித்தால் நேரமே ஆகாது, ஆனால் கோடு மாறிப் பிடிக்கும் ஆபத்து உண்டு. என் வழக்கம் இது: ஒரே இடத்திலிருந்து இரண்டு தூரத்துக்கு மாறி மாறிச் சுட வேண்டுமென்றால், சிறிய தகட்டுக்கு டரெட், பெரிய தகட்டுக்கு ரெட்டிகிள். இடம் மாறும்போதுதான் தூரமும் மாறும் என்றால் நடந்துகொண்டே திருப்பிவிடலாம். எல்லா எண்களையும் பெரிய எழுத்தில் எழுதி மணிக்கட்டு அட்டையில் வைத்திருங்கள். தலையில் வைத்திருக்கும் எண் டைமர் ஒலித்ததும் பறந்துவிடும்.

காற்று?

காற்றுதான் இந்த ஆட்டத்தின் உயிர். மணிக்கு 10 மைல் வேகத்தில் குறுக்கே அடிக்கும் காற்று, 1000 கெஜத்தில் அந்த 6.5 தோட்டாவைச் சுமார் இரண்டு மில், அதாவது ஆறடி தள்ளிவிடும். மணிக்கு ஒரு மைல் தப்பாகக் கணித்தாலே ஏழு அங்குலம். தகடு 20 அங்குல அகலம் என்றால் நடுவிலிருந்து விளிம்புக்குப் பத்து அங்குலம்தான். ஒன்றரை மைல் பிழைக்கே தோட்டா விளிம்புக்கு வந்துவிடும், உங்கள் கை எவ்வளவு உறுதியாக இருந்தாலும்.

வேகத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்றால், அடிக்கிற காற்று மாறுவதற்குள் சுடுவது. முதல் தோட்டா எங்கே விழுந்தது என்று பார்த்துத் திருத்திய பிறகு, அந்தத் திருத்தம் செல்லுபடியாகும் காலம் கொஞ்சம்தான். ஐந்து வினாடிக்குள் அடுத்ததைச் சுட்டால் அதே காற்று இருக்கும். பதினைந்து வினாடி யோசித்தால் புல் வேறு பக்கம் சாய்ந்திருக்கும். சில நேரம் வேகமே துல்லியத்தைக் கொடுக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஏன் எல்லோரும் கனமான ரைஃபிளும் சின்னத் தோட்டாவும் வைத்திருக்கிறார்கள்?

தோட்டா 1000 கெஜம் போய்ச் சேர ஏறக்குறைய ஒன்றரை வினாடி ஆகும். அதற்குள் துப்பாக்கி உதைத்து அடங்கி, ஸ்கோப் மறுபடி இலக்குக்கு வந்துவிட்டால், தோட்டா விழுவதை நீங்களே பார்க்கலாம். பார்த்தால் திருத்தலாம். அதற்காகத்தான் 6 மி.மீ. தோட்டாக்களும், பத்துக் கிலோவைத் தொடும் ரைஃபிள்களும், உதையைக் குறைக்கும் மசில் பிரேக்கும். இந்தத் தொடரின் விதிப்படி விட்டம் .30 அங்குலத்துக்கு மேலும், வேகம் நொடிக்கு 3200 அடிக்கு மேலும் போகக் கூடாது. ஆனால் அந்த எல்லையை நெருங்குகிறவர்கள் அரிது. பலத்தைக் கூட்டினால் உதை கூடும், உதை கூடினால் கண் இலக்கை இழக்கும்.

முதல் தோட்டா தவறிவிட்டது. உடனே இரண்டாவதா?

எங்கே விழுந்தது என்று பார்த்திருந்தால், உடனே. வலப்பக்கம் அரை மில் தள்ளி மண் எழும்பியது என்றால் இடப்பக்கம் அரை மில் பிடித்துச் சுட்டுவிடுங்கள், யோசிக்க வேண்டாம். பார்க்கவில்லை என்றால் கதை வேறு. அதே குறியில் இன்னொன்றை அனுப்பினால் அதுவும் அங்கேதான் போகும். முதலில் எண்களைப் பாருங்கள்: சரியான தகடா, டரெட் சரியான எண்ணில் இருக்கிறதா? நான் பார்த்த வரையில் காரணம் தெரியாத தொடர் தவறுகளில் முக்கால்வாசி, முந்தைய தூரத்துக்குத் திருப்பிய டரெட்டைத் திருப்பி வைக்க மறந்ததுதான். பதறிய காரியம் சிதறும் என்பது இங்கே வரிக்கு வரி உண்மை.

கடைசிப் பத்து வினாடி, இன்னும் இரண்டு தோட்டா, ஓர் இடமாற்றம் பாக்கி.

நகருங்கள். ஆனால் இரண்டு தோட்டாவுக்காக அல்ல, ஒன்றுக்காக. இரண்டையும் சுட நினைத்தால் இரண்டும் போகும்.

பயத்லானில் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

பனிச்சறுக்கி வந்து மூச்சு இரைக்க இரைக்கச் சுடுகிற விளையாட்டு அது. தூரம் 50 மீட்டர்தான்; .22 ரைஃபிள். படுத்துச் சுடும்போது இலக்கு 45 மி.மீ., நின்று சுடும்போது 115 மி.மீ. அங்கே நேரம்தான் மதிப்பெண், அதனால் கணக்கு நம்முடையதைவிடக் கறாரானது. ஸ்பிரிண்ட் போன்ற பந்தயங்களில் ஒரு தோட்டா தவறினால் 150 மீட்டர் தண்டனைச் சுற்று. நல்ல வீரருக்கே அது இருபது வினாடிக்கு மேல் பிடிக்கும். தனிநபர் நீண்ட பந்தயத்தில் மரபுப்படி ஒரு தவறுக்கு ஒரு நிமிடம். ஒரு தடவைக்குச் சுடும் ஐந்து தோட்டாவுக்கும் ஒவ்வொரு வினாடி கூடுதலாக எடுத்துக்கொண்டால் செலவு ஐந்தே வினாடி. நான்கு தடவையில் ஒரு தடவையாவது அது ஒரு தவறைத் தடுத்தால் முதலுக்கு மோசமில்லை. தண்டனை ஒரு நிமிடமாகிவிட்டால் எல்லோரும் இன்னும் நிதானமாகச் சுடுவது ஏன் என்று இப்போது புரியும்.

ஒலிம்பிக் ரைஃபிளில் அவசரமே இல்லையே, அங்கே ஏன் தவறுகிறார்கள்?

2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில், பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ. நேரம் தாராளம். ஆனால் இதே போட்டியில் அமெரிக்காவின் மேத்யூ எம்மன்ஸ் 2004 ஏதென்ஸில் தங்கத்தின் வாசலில் நின்றபோது, கடைசித் தோட்டாவைப் பக்கத்து வீரரின் இலக்கில் சுட்டுவிட்டார். பூஜ்யம். 2008 பெய்ஜிங்கில் மறுபடியும் முன்னிலை. குறி அமர்வதற்குள் விரல் விசையில் பட்டுவிட, கடைசித் தோட்டாவுக்கு 4.4. இரண்டு தடவையும் கடிகாரம் அவரைத் துரத்தவில்லை. அவரைவிடத் திறமையானவர்கள் அந்தக் காலத்தில் அதிகம் இல்லை. எனவே நேரம் கூடினால் தவறு குறையும் என்று எண்ணிவிடாதீர்கள். இலக்கைச் சரிபார், குறியை அமர்த்து, அப்புறம் விரல் – இந்த வரிசை ஒவ்வொரு தோட்டாவுக்கும் மாறாமல் நடக்க வேண்டும், கையில் நான்கு வினாடி இருந்தாலும் நாலு நிமிடம் இருந்தாலும்.

வேகம் பாதுகாப்பைக் கெடுக்காதா?

கெடுக்க விடக் கூடாது. இடம் மாறும்போது போல்ட் திறந்தே இருக்க வேண்டும், விரல் விசைக்கு வெளியே, குழல்முனை எப்போதும் இலக்குத் திசையில். மீறினால் போட்டியிலிருந்தே வெளியேற்றுவார்கள். அதில் நான் யாருக்கும் சலுகை கேட்க மாட்டேன். போல்ட்டைத் திறந்துகொண்டே எழுவதைப் பழக்கமாக்குங்கள். அதற்குத் தனியாக நேரமே ஆகாது.

வீட்டில் என்ன பழகலாம்?

நிறைய. துப்பாக்கியிலும் அறையிலும் தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை பார்த்துவிட்டு, நாற்காலி முதுகு, ஏணி, ஜன்னல் விளிம்பு என்று எது கிடைத்தாலும் பையை வைத்து அமர்ந்து பாருங்கள். அரை அங்குல வட்டம் ஒன்றை 25 கெஜத்தில் ஒட்டினால் அது 1000 கெஜத்தில் 20 அங்குலத் தகடு அளவுக்குத் தெரியும். டைமர் ஒலிக்கட்டும், நின்ற நிலையிலிருந்து முதல் வெற்றுச் சுடுதல் வரை எத்தனை வினாடி? வாரத்துக்கு மூன்று நாள், பதினைந்து நிமிடம். என் 12 வினாடி 9 ஆனது இப்படித்தான், தோட்டாச் செலவு ஒரு பைசா இல்லாமல். உண்மையான தோட்டாவோடு பழக .22 போதும். 200 கெஜத்துக்குள்ளேயே அது காற்றில் நன்றாக அலைந்து பாடம் கற்றுக்கொடுக்கும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு?

1000 கெஜத் தளமும் அதற்கான உரிமமும் சாமானியருக்கு எட்டாது. 1951-இல் தொடங்கிய இந்திய தேசிய ரைஃபிள் சங்கத்தோடு இணைந்த கிளப்பில் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தொடங்குவதுதான் நடைமுறை வழி. விசை அழுத்தமும் மூச்சும் அங்கே கற்றதுதான் எங்கும் செல்லும்.

போட்டி முடிந்ததும் எதை எழுதி வைக்க வேண்டும்?

எத்தனை பட்டது என்பதை மதிப்பெண் தாள் சொல்லிவிடும். அதில் இல்லாததை எழுதுங்கள்: ஸ்டேஜ் முடிந்தபோது எத்தனை வினாடி மிச்சம், எத்தனை தோட்டா மிச்சம், தவறிய ஒவ்வொன்றும் எந்தப் பக்கம். 20 வினாடி மிச்சம் இருந்து நான்கு தவறியிருந்தால் அடுத்த தடவை மெதுவாக. நேரம் முடிந்து மூன்று தோட்டா தங்கி, சுட்டதெல்லாம் பட்டிருந்தால் பையைத் தூக்கி நகர்வதில் வேலை இருக்கிறது. இரண்டு பக்கமும் மாறி மாறித் தவறியிருந்தால் அமர்ந்த விதத்தைப் பாருங்கள். எல்லாம் ஒரே பக்கம் தவறியிருந்தால் அது காற்று.